ஊனத்தொகை வாங்குபவர் ஜீவனாம்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: கோவையில் பவுண்டரி வேலை. சென்ற ஆண்டு இயந்திரத்தில் வலது கை போய்விட்டது. இ.எஸ்.ஐ. மாதாமாதம் தரும் ஊனத்தொகைதான் இப்போது வருமானம். மனைவியிடம் வளரும் மகளுக்கு மாதம் 7,000 ரூபாய் தரச்சொல்லி 2022-ல் குடும்பநல நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. ‘ஊனத்தொகையை கோர்ட் தொட முடியாது, கட்டாதே’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இதற்கு வருமான வரி வேறு உண்டா?

பதில்: கட்டுவதை நிறுத்திவிட்டீர்களா, இல்லையா என்று எழுதவில்லையே. நிறுத்தியிருந்தால், முடிந்த தொகையை இன்றே வங்கி வழியாக அனுப்புங்கள். கையில் கொடுத்த பணத்துக்குக் கோர்ட்டில் சாட்சி கிடைக்காது.

உங்கள் நண்பர் பாதி உண்மை சொல்கிறார். பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது) 60-வது பிரிவுப்படி அந்தத் தொகையை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. ஆனால் ஜப்தி செய்ய முடியாது என்பது வேறு, கட்ட வேண்டாம் என்பது வேறு. பாக்கி வைத்தால் பணத்தைத் தொடமாட்டார்கள், உங்களைப் பிடிப்பார்கள். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தாலும் பாக்கி கழியாது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடிவாரண்ட் வந்தபிறகு 60-வது பிரிவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தவர்கள் உண்டு.

தொகையைக் குறைக்க வழி மனுதான். விபத்து நடந்தது என்பதால் உத்தரவு தானாகக் குறையாது. உங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். சூழ்நிலை மாறியதைக் காட்டி அதை மாற்றக் கேட்பது முன்பு 127-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 146. எண்ணை மாற்றினார்கள், வாய்தாவைக் குறைக்கவில்லை! அதனால் தாமதிக்காதீர்கள். மனு போடுவதற்கு முன் சேர்ந்த பாக்கி பெரும்பாலும் அப்படியே தலையில் நிற்கும்.

மருத்துவக் குழுவின் ஊன மதிப்பீடு, இ.எஸ்.ஐ. தொகை வரும் பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். ஜீவனாம்சம் பற்றி உச்ச நீதிமன்றம் 2020-ல் தந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியே ஆகவேண்டும். ஊனத்தொகையை மறைக்காதீர்கள், அதுவும் வருமானக் கணக்கில் வரும். மறைத்தது தெரிந்தால் உங்கள் கை போனதைக்கூட நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

வரியை நினைத்துத் தூக்கம் கெடவேண்டாம். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பே மாதம் 21,000. முழு ஊனத்துக்கும் தொகை சராசரிக் கூலியில் 90 சதவீதம்தான். வேறு வருமானம் இல்லாவிட்டால், 2025-26-க்கான புதிய வருமான வரி முறையின் 4 லட்ச ரூபாய் அடிப்படை வரம்பை நெருங்கவே மாட்டீர்கள். ஆகவே ‘80யூ (மாற்றுத்திறனாளிக்கான வரிக்கழிவு) போட்டு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு’ என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். வரியே பிடிக்காத இடத்தில் எதைத் திரும்ப வாங்குவான்? 80யூ கழிவு பழைய முறையில்தான் செல்லும். பொய்யான ஊன சதவீதம் போட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். மகளுக்குக் கட்டும் தொகைக்கு எந்த வரிக்கழிவும் கிடையாது.

கோர்ட் வளாகத்தில் ‘நானே முடித்துத் தருகிறேன்’ என்று ஒட்டிக்கொள்பவர்களும் இதே ரகம். மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெற 1987-ன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஊனச் சான்றிதழோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். முதல் தடவை அலைக்கழித்தாலும் திரும்பப் போங்கள்.