ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் வக்கீலைப் பாருங்கள்

கேள்வி: வாடகைக்கு விடலாம் என்று சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். விலை 850,000 ரேண்ட். பின்புறத்து அவுட்பில்டிங்கில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. பத்திரம் காலமான அப்பா பெயரில் இருக்கிறது, விற்பவர் மகன். "ஆஃபரில் கையெழுத்துப் போடுங்கள், மிச்சத்தை கன்வேயன்சர் (பத்திரத்தைப் பெயர் மாற்றித் தரும் வக்கீல்) பார்த்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் ஐந்து நாளில் விலகிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். எனக்கென்று தனி வக்கீல் தேவையா? – வாசகி, டர்பன்

பதில்: தேவை சகோதரி, அதுவும் கையெழுத்துக்கு முன்பே. 'ஆஃபர்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டு, விற்பவரும் கையெழுத்திட்டுவிட்டால் அதுதான் விற்பனை ஒப்பந்தம். அதற்குப் பிறகு என்னிடம் ஓடிவருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அந்த ஐந்து நாள் கதையை எத்தனை பேர் நம்பிக் கெட்டிருக்கிறார்கள்! 1981ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் குடியிருப்பு வீட்டின் விலை 250,000 ரேண்டோ அதற்குக் குறைவோ இருந்தால்தான் அது செல்லும். வாங்குபவரும் தனிமனிதராக இருக்க வேண்டும். கம்பெனி, டிரஸ்ட் பெயரில் வாங்கினால் கிடையாது. ஏலத்தில் எடுத்தாலும் கிடையாது. இன்றைக்கு அந்த விலைக்கு எங்கே வீடு கிடைக்கிறது? உங்கள் 850,000க்கு அந்தச் சலுகை இல்லவே இல்லை. இது ஏஜென்டுக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கன்வேயன்சர் பார்த்துக்கொள்வாரா? பெயர் மாற்றத்தை அவர் ஒழுங்காகச் செய்வார். ஆனால் இங்குள்ள வழக்கப்படி அவரை நியமிப்பவர் விற்பவர், கட்டணம் கட்டுவது நீங்கள். காசு உங்களுடையது, ஆள் அவர்களுடையவர். இந்த விலைக்கு இந்த வீடு வேண்டாம் என்று உங்களிடம் சொல்வது அவர் வேலை இல்லை.

எனக்குப் பெரிய கவலை அந்த மகன்தான். அப்பா போன பிறகு பிள்ளை என்பதாலேயே வீட்டை விற்கும் உரிமை வந்துவிடாது. உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த எக்ஸிக்யூட்டர், அதாவது காலமானவரின் சொத்தை நிர்வகிப்பவர்தான் விற்க முடியும். மாஸ்டரின் ஆட்சேபணையில்லைச் சான்று இல்லாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் பதிவு நடக்காது. "அண்ணன் தம்பி எல்லாரும் அஃபிடவிட் கொடுத்துவிட்டார்கள்" என்று யாராவது காகிதத்தை நீட்டினால் வாங்கி வைக்காதீர்கள். எக்ஸிக்யூட்டர் நியமனக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்காகக் குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன; மாஸ்டர் அலுவலகத்தில் ஒரே காகிதத்தை மூன்று முறை கேட்கிறார்கள். அந்தத் தாமதத்தில்தான் "நான் முடித்துத் தருகிறேன்" என்று தரகர்கள் நுழைகிறார்கள். வீட்டைப் பிடித்து வைக்க என்று கையில் ரொக்கம் கேட்டால் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள். முன்பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்குக்கு (பிறர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) போகட்டும். மின்னஞ்சலில் வரும் வங்கி எண்ணை, நீங்களே தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் அழைத்துச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

அப்புறம், அவுட்பில்டிங்குக்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற பிளான் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அதில் இருப்பவர்களை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நீங்கள் வெளியேற்ற முடியாது. அவர்களுடைய வாடகை ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள்.

டைட்டில் டீட் நகல், கையெழுத்திடாத ஆஃபர், ஏஜென்டின் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (ஏஜென்டாகத் தொழில் செய்வதற்கான சான்று) இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். ஏஜென்ட் அவசரப்படுத்தினால், "என் வக்கீல் படித்துவிட்டுச் சொல்வார்" என்று சொல்லிவிடுங்கள்.