பத்து சென்ட் படங்கள்: கேட்டவையும் சொன்னவையும்

இணையத்தில் படம் விற்பது பற்றிய இந்தக் கேள்வி-பதிலுக்கு, கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொன்னது என் தவறுதான். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: மாதம் எவ்வளவு வரும்? அதற்கு ஒருமுறை விரிவாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகும் கேட்பவர்களிடம் கோபித்துக்கொள்வேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: கோவையில் உணவுப் படங்கள் எடுப்பவள். 2009 முதல் ஸ்டாக் தளங்களில், அதாவது பலர் எடுத்த படங்களைச் சேர்த்துவைத்து வேண்டுபவர்களுக்கு விற்கும் இணையதளங்களில், படம் விற்கிறேன். அந்தப் பணத்தில் வீடு கட்டவில்லை.

கேள்வி (திண்டுக்கல், கல்லூரி மாணவர்): அக்கா, என்னிடம் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன. ஸ்டாக் தளங்களில் போட்டால் மாதம் எவ்வளவு வரும்?

தம்பி, முதலில் ஒரு படத்துக்கு என்ன வரும் என்று பார்ப்போம். ஷட்டர்ஸ்டாக் என்ற தளத்தில் சந்தா கட்டியிருக்கும் ஒருவர் உங்கள் படத்தைப் பதிவிறக்கினால் குறைந்தபட்சம் 10 சென்ட். நம் பணத்தில் எட்டொன்பது ரூபாய். எங்கள் தெருமுனையில் ஒரு டீகூட வராது. 2020 ஜூன் வரை புதிதாகச் சேர்ந்தவருக்கே 25 சென்ட் கிடைத்தது. அந்த மாதம், விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்ற முறைக்கு மாற்றினார்கள். ஆண்டின் முதல் 100 பதிவிறக்கங்களுக்கு 15 சதவீதம். பிறகு படிப்படியாக ஏறி, 25,000-ஐத் தாண்டினால் 40. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜனவரி 1 வந்ததும் எல்லோரும் மறுபடி 15-க்கு இறங்க வேண்டும் என்பதுதான் பொறுக்க முடியாதது. பதினைந்து ஆண்டு படம் கொடுத்தவரும் முந்தின நாள் சேர்ந்தவரும் புத்தாண்டுக் காலையில் ஒரே படியில் நிற்பார்கள். அப்போது பலர் கோபத்தில் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. வீம்பைக் கொடுத்து மின்கட்டணம் கட்ட முடியாது.

அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35. சந்தாவில் விற்றாலும் ஒரு படத்துக்கு 33 சென்ட் அளவுக்குத் தேறுகிறது. 25 டாலர் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஐஸ்டாக்கில், 'உங்களுக்கு மட்டுமே கொடுப்பேன்' என்று எழுதிக் கொடுக்காதவர்களுக்கு 15 சதவீதம்தான்; அதுவும் 100 டாலர் சேரும்வரை கைக்கு வராது. இனி நீங்களே கணக்குப் போடுங்கள். 25 டாலர் சேர 33 சென்ட் வீதம் 76 பேர் வாங்க வேண்டும். 10 சென்ட் வீதம் என்றால் 250 பேர்.

உங்கள் நாலாயிரத்தில் விற்கத் தக்கவை நாற்பது இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் முதல் நாலாயிரத்தில் இருபதுதான் தேறின. இப்போது என் கணக்கில் ஏறத்தாழ 2,300 படங்கள். நல்ல மாதத்தில் மின்கட்டணமும் இணையக் கட்டணமும் கட்டி, கொஞ்சம் மிஞ்சும். மோசமான மாதத்தில் இணையக் கட்டணத்தோடு சரி. கொல்லையில் நிற்கும் முருங்கையைப் போல வைத்துக்கொள்ளுங்கள்: காய்த்தால் சாம்பாருக்கு ஆகும், அதை நம்பி யாரும் உலை வைப்பதில்லை.

கேள்வி (ஈரோடு, கணினி நிறுவன ஊழியர்): வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

வேண்டாம்.

கேள்வி (ஊட்டி): மேடம், தொட்டபெட்டாவில் நான் எடுத்த சூரிய அஸ்தமனப் படங்கள் போட்டிகளில் பரிசு வாங்கியவை. ஸ்டாக்கில் இரண்டு ஆண்டுகளாக ஒன்றுகூட விற்கவில்லை. ஏன்?

சூரியன் உலகம் முழுவதும் அஸ்தமிக்கிறது, ஐயா. ஏற்கெனவே கோடிக்கணக்கான படங்கள் கிடக்கும் இடத்தில் இன்னோர் ஆரஞ்சு வானத்தை யார் தேடப்போகிறார்கள்? வாங்குபவர் ரசிகர் அல்லர். ஒரு பொட்டலத்தின் மேலோ கட்டுரையின் நடுவிலோ ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதை மாலைக்குள் நிரப்பியாக வேண்டிய ஊழியர் அவர்.

என்னுடைய படங்களில் அதிகம் விற்றது எது தெரியுமா? ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெள்ளைப் பின்னணியில், வேறு எதுவும் இல்லாமல். சமையலறை ஜன்னலோரம் வெள்ளை அட்டை விரித்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைச் சாய்த்து நிழலைக் கரைத்தேன். கொத்தைப் பறித்த இருபதாவது நிமிடம் இலைகள் சுருளத் தொடங்கிவிடும். முதல் கொத்தில் ஓர் இலையின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது; பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டாவதில் பின்னிலைகள் குவியத்துக்கு வெளியே போய்விட்டன என்று நிராகரித்தார்கள். பின்னால் மங்கினால் அழகு என்று லென்ஸின் துளையை அகலத் திறந்து f/2.8 வைத்திருந்தேன். மூன்றாவது கொத்தை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, துளையைச் சுருக்கி f/11-இல் எடுத்தேன். நுனி முதல் காம்பு வரை துல்லியம். கலை என்று அதில் எதுவும் கிடையாது. அதைப் பரிசுக்கு அனுப்பினால் சிரிப்பார்கள்.

கேள்வி (கும்பகோணம், இல்லத்தரசி): முருங்கைக்காய்ப் படம் போட்டேன், ஒருவரும் பார்க்கவில்லை. குறிச்சொற்களில் பிழையா?

என்ன சொல் போட்டீர்கள் என்று ஊகிக்கிறேன்: 'டிரம்ஸ்டிக்'. அந்தச் சொல்லைத் தேடும் வெளிநாட்டுக்காரருக்குக் கோழிக்கால் வேண்டும், அல்லது மேளம் அடிக்கும் குச்சி வேண்டும். உங்கள் முருங்கைக்காயைக் கோழிக்கடைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். 'மொரிங்கா' என்ற சொல் முதலில் வரட்டும். கீரைப் பொடியை மாத்திரையாக்கி விற்பவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள். அடோபியில் 49 சொற்கள் வரை போடலாம். முதல் பத்துக்குத்தான் எடை அதிகம். இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்தது வீண்போகவில்லை, அம்மா.

கேள்வி (சிவகங்கை): ஜல்லிக்கட்டுப் படங்கள், சந்தையில் பூக்கட்டும் பாட்டியின் முகம், இவற்றை விற்கலாமா?

செய்திப் பயன்பாட்டுக்கு, அதாவது எடிட்டோரியல் பிரிவில், விற்கலாம். ஊர், நாடு, தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் முகம் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ் என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. வாடிவாசலில் நிற்கும் இருநூறு பேரிடமும் வாங்க முடியுமா? முகம் தெரியாத கை மட்டும் என்றால் தொல்லை இல்லை. அந்தக் கையில் பச்சை குத்தியிருந்தால் படிவம் கேட்பார்கள்.

இதைச் சத்தமாகச் சொல்கிறேன்: படம் எடுப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரப் பையன் ஒருவனை வைத்து இரண்டு நாள், சமைக்கும் படங்களாக முந்நூறு எடுத்தேன். 'வீட்டுப் பிள்ளைதானே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டேன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் விரும்பவில்லை. முந்நூறும் இன்றுவரை கணினியில் தூங்குகின்றன. பாட்டி விஷயத்தில் சட்டத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. அவர் முகம் நாளை மூட்டுவலித் தைலத்தின் மேல் வரலாம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): வரிப் பிடித்தம் எவ்வளவு?

அமெரிக்கத் தளங்களில் W-8BEN என்ற, வெளிநாட்டவருக்கான வரிப் படிவம் நிரப்ப வேண்டும். அங்கே விற்றதற்கான ராயல்டியில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள், இரு நாடுகளுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி ஒப்பந்தம் இல்லை, ஆகவே உங்களுக்கு 30. இதற்கு மேல் ஆடிட்டரைக் கேளுங்கள். நான் இலை துடைப்பவள்.

கேள்வி (சேலம்): செல்பேசிப் படங்களை ஏற்பார்களா?

4 மெகாபிக்சலும் நல்ல வெளிச்சமும் இருந்தால் ஏற்பார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மாதம் தோராயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

திண்டுக்கல்லுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை, ஸ்டுடியோ உரிமையாளர்): இது கேள்வியில்லை, குற்றச்சாட்டு. 1990களில் கோபுரம் ஒன்றின் ஸ்லைடுக்கு (ஃபிலிமில் எடுத்த படத்துக்கு) காலண்டர் போடுபவர் ஒருவர் எனக்கு 3,000 ரூபாய் கொடுத்தார். இன்று விலை சொன்னால் 'இணையத்தில் சல்லிக்காசுக்குக் கிடைக்கிறதே' என்கிறார்கள். பத்து சென்ட்டுக்குக் கொடுத்துச் சந்தையைக் கெடுத்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

அண்ணா, பாதி சரி. மீதிப் பாதியைக் கேளுங்கள். இது கனடாவின் கால்கரியில் தொடங்கியது. 2000-இல் புரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்ஃபோட்டோவைத் தொடங்கியபோது படங்களை விற்கவே இல்லை. வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் இலவசமாக மாற்றிக்கொண்டார்கள். தளத்தை நடத்தும் செலவு ஏறியபோதுதான் சில்லறைக் காசு கேட்டார்கள். 2003-இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் தான் எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, மாதச் சந்தா கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான டாலருக்குப் படம் விற்றுக்கொண்டிருந்த கெட்டி இமேஜஸ் என்ன செய்தது? 2006-இல் 5 கோடி டாலர் கொடுத்து ஐஸ்டாக்கையே வாங்கியது. பெரிய கடையே சில்லறைக் கடையை வாங்கி நடத்தத் தொடங்கிய பிறகு, கறிவேப்பிலைக்காரியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சிவகாசி, அச்சக வடிவமைப்பாளர் (குறுக்கிட்டு): மதுரைக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 3,000 வாங்கிய காலத்தில் எங்களைப் போன்ற சின்ன அச்சகங்கள் படமே வாங்கியதில்லை. பழைய பத்திரிகைகளில் வெட்டி, ஸ்கேன் செய்து போட்டோம். இப்போது மாதச் சந்தா கட்டி முறையாக வாங்குகிறோம். பத்து சென்ட் என்பது பூஜ்யத்தைவிடப் பெரிய எண்.

மதுரை: ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நீங்கள் வெட்டியவற்றில் என் படமும் இருந்திருக்கும்.

சிவகாசி: இருந்திருக்கலாம். நல்ல படமாக இருந்திருந்தால்.

அண்ணாச்சி, போதும். ஆனால் மதுரை அண்ணனுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மசாலா நிறுவனத்துக்குப் படம் எடுக்க விலை சொல்லப் போனேன். பொட்டலங்களுக்குப் பன்னிரண்டு படங்கள், இரண்டு நாள் வேலை. மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையிலிருந்து ஒரு மாதிரிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். 'இது நன்றாகத்தானே இருக்கிறது? சந்தாவிலேயே கிடைத்தது' என்றார். பொட்டலத்தின் மூலையில் இருந்தது என்னுடைய கறிவேப்பிலை. மூன்றாவது கொத்து. வலப்பக்கக் கடைசி இலையின் வளைவு எனக்குத் தெரியாதா? சந்தா விலையில் எனக்கு முப்பதுசொச்சம் சென்ட் கிடைத்திருக்கும். அதைக்கொண்டு என் இரண்டு நாள் கூலியை நானே அடித்துவிட்டேன். 'அது நான் எடுத்தது' என்று சொல்ல வாய்வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே, அண்ணா, நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாததில்லை. அன்றிலிருந்து ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எவர் வீட்டிலும் எடுக்கக்கூடியது ஸ்டாக்குக்கு. நான் போய் நின்றால்தான் கிடைக்கும் படம் ஸ்டாக்குக்குப் போகாது.

கேள்வி (சென்னை, பெருங்குடி): செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. அடோபி 2023 மார்ச்சில் சொன்னதைப் படமாக வரையும் ஃபயர்ஃபிளையை வெளியிட்டபோது, அதற்குப் பாடமானவற்றில் எங்கள் ஸ்டாக் படங்களும் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் படம் கொடுத்தவர்களுக்குப் போனஸ் என்று ஒரு தொகை வந்தது. ஷட்டர்ஸ்டாக், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐக்குப் படங்களைக் கொடுத்திருக்கிறது. அங்கே கணக்கு அமைப்பில் 'என் படங்கள் வேண்டாம்' என்று அணைத்துவைக்க ஒரு பொத்தான் உண்டு. சேர்ந்த நாளே போய்ப் பாருங்கள். இயந்திரம் வரைந்த படத்தைக் கெட்டி 2022 செப்டம்பரிலேயே தடை செய்தது. அடோபி, 'இயந்திரம் வரைந்தது' என்ற முத்திரையோடு ஏற்கிறது.

கைகுலுக்கும் அதிகாரிகள், சிரிக்கும் மருத்துவர் போன்ற படங்களின் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் இயந்திரத்திடம் வாழையிலைச் சாப்பாடு கேட்டுப் பாருங்கள். நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எனக்குத் தந்த படத்தில் இலை குறுக்கே கிடந்தது, ரசம் கிண்ணத்தில் கேக்கைப் போல் நின்றது. இன்னும் எத்தனை நாள் தெரியாமல் இருக்கும் என்று கேட்காதீர்கள்.

கேள்வி (கரூர்): எந்த கேமரா வாங்கலாம்?

இருப்பதை விற்காமல் வைத்திருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பெரிய கோயில் படங்கள்?

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. முக்காலி கொண்டுபோக அனுமதி வேண்டும். எடுக்க முடிவது வேறு, விளம்பரத்துக்கு விற்பது வேறு. எடிட்டோரியலில் போடுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஆரம்பத்தில் மாதம் எவ்வளவு...

திண்டுக்கல்.

மதுரை (மீண்டும்): கடைசியாக ஒன்று. கோபம் ஆறிவிட்டது. என்னிடம் வைகையில் தண்ணீர் கரைபுரண்ட நாட்களின் ஸ்லைடுகள், பழைய சித்திரைத் திருவிழா, இப்போது இல்லாத கடைத்தெருக்கள் என்று ஆறு பெட்டி இருக்கின்றன. அவற்றையும் பத்து சென்ட்டுக்கா போடச் சொல்கிறீர்கள்?

ஐயையோ, கூடவே கூடாது. அந்த ஆறு பெட்டியை இன்று யாராலும் திரும்ப எடுக்க முடியாது. பிரிட்டனின் அலமி என்ற ஸ்டாக் தளத்தைப் பாருங்கள். செய்தி, வரலாற்றுப் படங்களுக்கு அங்கே ஆள் வருவதுண்டு. ஒழுங்காக விற்பவருக்கு 40 சதவீதம் தருகிறார்கள். விற்பனை நிதானமாகத்தான் நடக்கும். விலை மானத்தோடு இருக்கும். அதற்கு முன் ஒரு நூறு ஸ்லைடை ஸ்கேன் செய்து, பின்னால் எழுதிவைத்த தேதிகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத பழைய படத்துக்குப் பாதி விலைதான். ஸ்லைடின் தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் திவலை பட்டால் கறை போகாது. கேமராக் கடையில் ரப்பர் ஊதுகுழல் கிடைக்கும். அடுத்த மாதம் மதுரை வருகிறேன். முதல் பெட்டியை நான் வந்த பிறகு திறங்கள்.