நிற்கும் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் என்ன கெடும்?

கார் நகராமல் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பக் கூடாது என்று ஓட்டுநர் பயிற்சியில் அதட்டுகிறார்கள், உண்மையிலேயே ஏதாவது கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எப்போதாவது திருப்புவதால் ஒன்றும் ஆகாது. இடுக்கான இடத்தில் நிறுத்தும்போது வேறு வழியும் இருக்காது. அதுவே அன்றாடப் பழக்கமானால் முதலில் அடிவாங்குவது முன் டயர்கள்தான்.

டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். காரின் முன்பாரம் மொத்தமும் அப்படி இரண்டு உள்ளங்கைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டி உருளும்போது ரப்பரின் புதுப்புதுப் பகுதி தரைக்கு வந்துகொண்டே இருக்கும். நிற்கும்போதோ அதே ரப்பர் அதே இடத்தில் அரைபடுகிறது. வழவழப்பான சிமென்ட் தரையில் திருப்பிவிட்டு வண்டியை நகர்த்திப் பாருங்கள்: டயர் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தேய்ப்பு தெரியும். பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்பினால் இன்னும் மோசம். சக்கரம் கொஞ்சம்கூட உருண்டு கொடுக்க முடியாது.

பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய கார்களில் இந்தக் கேள்வியே எழாது. தோள்பட்டையே வேண்டாம் என்று சொல்லிவிடும்! இப்போது அந்தச் சிரமத்தை இயந்திரம் ஏற்றுக்கொள்வதால் நமக்கு உறைப்பதில்லை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகையில், ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடித்தால் பம்ப் முனகுவது கேட்கும். எண்ணெய் சூடேறுகிறது என்று பொருள். மின்சார வகையில் மோட்டார் நிறைய மின்சாரத்தை இழுக்கும். விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால், மோட்டார் சூடாகிவிடாமல் இருக்க அதுவே தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கனக்கும். சிறிது நேரம் விட்டால் சரியாகிவிடும். முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் மூட்டுகளான டை ராட் முனைகளுக்கும் பால் ஜாயிண்டுகளுக்கும் கூடுதல் சுமைதான், ஆனால் நல்ல நிலையில் இருப்பவை அதைத் தாங்கும்.

என்னைக் கேட்டால், நின்று திருப்புவதைவிடக் கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடிப்பதுதான் கெட்ட பழக்கம். முட்டியதும் கையை இம்மியளவு தளர்த்திவிடுங்கள். மற்றபடி கிளட்ச்சையோ பிரேக்கையோ மெல்ல விட்டு, வண்டி ஊர்ந்தால் போதும். நடைவேகம்கூட வேண்டாம், ஸ்டீயரிங் இலகுவாவது கையிலேயே தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு மட்டும் திருப்பாதீர்கள். உதவி இருக்காது, ஸ்டீயரிங் பூட்டும் விழுந்துவிடலாம்.

திருப்பும்போது 'டொக்' என்று சத்தம் வந்தால் உங்கள் பழக்கத்தை நொந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.