பத்து நிமிடம் மல்லாந்து படுக்க முடியாதவர் எம்.ஆர்.ஐ. எடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு வருடமாக இடுப்பு வலி, இடது கால் வரை இறங்கும். மல்லாந்து பத்து நிமிடம் படுத்தாலே கால் மரத்துப்போய், வலி தாங்க முடியாது. போன மாதம் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போய் அசைந்துவிட்டேன். படம் சரியாக வரவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று கேட்டது இன்னும் மனதில் குத்துகிறது. டாக்டர் மறுபடியும் எடுக்கச் சொல்கிறார். 40 நிமிடம் எப்படிப் படுப்பேன்?

பதில்: முதலில் அந்தக் குத்தலை ஒதுக்கி வையுங்கள். பொறுமைக் குறைவால் நீங்கள் அசையவில்லை. காலை நீட்டி மல்லாந்து படுத்தால் இடுப்பின் முன்பக்கத் தசை முதுகெலும்பை முன்னுக்கு இழுக்கும், கீழ்முதுகின் வளைவு கூடும். நரம்பு போகும் வழி ஏற்கெனவே குறுகியிருந்தால் அந்த வளைவே அதை இன்னும் நெருக்கும். இதற்குத்தான் முழங்காலுக்கு அடியில் திண்டு வைப்பது. ஸ்கேன் சென்டர்களில் சாய்வான ஃபோம் திண்டு இருக்கும். படுத்த பிறகு கேட்காமல், படுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். எந்த உயரம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்பதை வீட்டிலேயே பாய் விரித்து, தலையணைகளை அடுக்கிப் படுத்துப் பாருங்கள். இரண்டு தலையணையில் 20 நிமிடம் தாங்கினால் அதை டெக்னீஷியனிடம் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்தது, அந்த 40 நிமிடம் ஒரே மூச்சில் போவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நிமிடம் வரையான பல துண்டுகளாகத்தான் படம் எடுப்பார்கள். 'டக் டக்' சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அசையக் கூடாது. சத்தம் நின்ற இடைவெளியில் எச்சில் விழுங்கலாம், கால் விரலை மடக்கி நீட்டலாம், நன்றாக மூச்சு விடலாம். இடுப்பை மட்டும் நகர்த்த வேண்டாம். நகர்த்தினால் இடம் மாறி, முதலிலிருந்து அளவு பார்க்க வேண்டிவரும். "ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் என்று மைக்கில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முடிவு தெரியாத வலியைவிட நாலு நிமிட வலியைத் தாங்குவது எளிது. வலி சிகிச்சையில் தினமும் நான் பார்க்கிற உண்மை இது. நிமிடத்துக்குச் சுமார் 15 மூச்சு என்றால் நாலு நிமிடம் 60 மூச்சு. எண்ணிக்கொண்டே இருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: டாக்டருக்கு மிகவும் தேவையான படங்களை முதலில் எடுக்க முடியுமா? பாதியில் நின்றாலும் பார்க்க ஏதாவது கையில் இருக்கும். முழு முதுகெலும்பும் எழுதியிருந்தால், இரண்டு நாளாகப் பிரிக்கலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேட்கலாம்.

மாத்திரை விஷயத்தில் பலர் ஏமாந்துபோவது நேரக் கணக்கில்தான். பாராசிட்டமால் போன்றவை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பி, சென்டரில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் உள்ளே போகும்போது அதன் பலன் இறங்கிவிடும். உங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். எதை, எவ்வளவு போடலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். எதுவும் பலிக்காவிட்டால் மயக்க மருத்துவர் உடனிருக்க, மயக்கம் கொடுத்து எடுக்க வழியிருக்கிறது. அதற்கு பொதுவாக ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும், கூட ஆள் வேண்டும்.

வலிக்காக ஒட்டும் பட்டை போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிலவற்றின் பின்புறம் உலோகப் படலம் இருக்கும், அது சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம். பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த வலி நிவாரணக் கருவி, கிளிப் எதுவானாலும் முன்பதிவு செய்யும்போதே தெரிவியுங்கள். தாலி, மெட்டி, மூக்குத்தி, புடவையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மூக்குத்தி இறுகியிருந்தால் முதல் நாளே எடுத்துவிடுங்கள். உள்ளே படுத்திருக்கும்போது கையும் தொடையும் வெறும் தோலோடு ஒட்டாமல் நடுவில் துணி இருக்கட்டும்.

கையில் ரப்பர் பந்து கொடுப்பார்கள். வலி எல்லை மீறினால் தயங்காமல் அழுத்துங்கள். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து இறங்குங்கள். அன்று வலி சற்றுக் கூடலாம், சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் திடீரென்று வலுவிழப்பது, இவற்றில் ஏதாவது வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.