கண்ணாடிக் கம்பி திறந்துவிடும் வழி

கேள்வி: கோவை குறிச்சிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்புகளைக் கை கிரைண்டரால் தேய்த்துச் சீர்செய்கிறேன். வயது 44. பவர் கண்ணாடி, அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேல் காதை மூடும் இயர் மஃப் அணிகிறேன். அப்படியும் வீடு திரும்பினால் காதில் ‘ங்ஙொய்’ என்று இரைகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் சரியாகுமா?

பதில்: கண்ணாடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள், தம்பி. தெறிக்கும் பொறி ஒன்று போதும், கண் போய்விடும். ஆனால் நீங்கள் சந்தேகப்பட்ட இடம் சரியான இடம்தான்.

மஃப்பின் மெத்தை காதைச் சுற்றித் தோலோடு ஒட்டி அமர்ந்தால்தான் சத்தம் அடைபடும். கண்ணாடிக் கம்பி குறுக்கே போகும்போது, அதன் மேலும் கீழும் மெத்தை தூக்கி நின்று சந்து விழுகிறது. உங்களுக்கோ ஒரு பக்கத்துக்கு இரண்டு கம்பிகள்! கம்பியின் பருமனைப் பொறுத்து 3 முதல் 7 டெசிபல் வரை பாதுகாப்பு குறையலாம்.

எண் சிறிதாகத் தெரியும், கணக்கைப் பாருங்கள். மஃப் போட்ட பிறகு காதுக்குள் 85 டெசிபல் போகிறது என்று வையுங்கள். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி அதில் 8 மணி நேரம் இருக்கலாம். சந்தின் வழியே 5 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் மூன்று மடங்காகிறது. அந்த 8 மணி நேரம் இரண்டரை மணியாகச் சுருங்கிவிடும்.

நானும் தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடியோடு மஃப் மாட்டித்தான் 11 ஆண்டுகள் கிரைண்டர் அருகில் நின்றேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று பேத்தி இடப்பக்கம் நின்று பேசினால் ‘ச’வும் ‘த’வும் பிரிந்து கேட்பதில்லை. போன செவிப்புலன் திரும்பாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாளைக்கே ஒன்று செய்யுங்கள். கிரைண்டர் ஓடும் இடத்தில் மஃப் அணிந்து நின்று, காதை மூடும் இரு குமிழ்களையும் உள்ளங்கையால் தலையோடு அழுத்துங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால், சந்து வழியே சத்தம் உள்ளே ஒழுகுகிறது என்று பொருள். மெத்தை வியர்வையில் ஊறி விறைத்திருந்தாலும் இதே கதைதான். மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நிலையான தீர்வு, பவரோடு செய்த பாதுகாப்புக் கண்ணாடி. இரண்டு கம்பிகள் ஒன்றாகிவிடும். மெல்லிய, தட்டையான, நேரான கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை மஃப்புக்கு உள்ளே நுரை இயர் பிளக்கும் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அதை உருட்ட வேண்டும். மணல் கையோடு உருட்டிக் காதில் சீழ் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்க் கையால் காது மடலை மேலே பின்னோக்கி இழுத்துச் செருகி, நுரை விரியும்வரை விரலால் பிடித்திருங்கள்.

காதில் கேட்கும் அந்த இரைச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். விடுமுறைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் காது மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா, அது சத்தத்தால் வந்த பாதிப்பா என்று கேளுங்கள்.