பாட்டில்லாத படமும் படமில்லாத பாட்டும்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். தேவகோட்டையில் அப்பாவின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளாக, பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீனப் படங்களிலும், சினிமாவைச் சாராத தனியிசைப் பாடல்களிலும் மனம் ஊன்றிவிட்டது. 'டு லெட்', 'கொட்டுக்காளி' இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடை அடைத்து வீடு திரும்பும்போது 'குரங்கன்' இசைக்குழுவின் பாடல்களைக் கேட்கிறேன். "உனக்குப் படம் என்றால் அதில் பாட்டு இருக்கக் கூடாது, பாட்டு என்றால் அது படத்தில் வரக் கூடாது, அப்படித்தானே?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் என் கருத்தும் அதுதான். பாட்டு நுழைந்தவுடன் படம் தன் சுயாதீனத்தை இழந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஒரு நட்சத்திர நடிகரின் பணத்தில் எடுத்த 'கொட்டுக்காளி'யைச் சுயாதீனப் படம் என்று எப்படிச் சொல்வது? பலரும் அறியாததை ரசிப்பதில் கொஞ்சம் கர்வமும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. தங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

சு., தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர்களின் கேலியில் விஷயம் இருக்கிறது. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்த நாளிலிருந்தே தமிழில் பாட்டும் படமும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு வளர்ந்தவை. மேல்நாட்டில் சுயாதீன இசைக்காரர்கள் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களிடமிருந்து விலகி நின்றார்கள். பிரிஸ்டல் நகரில் இரண்டு பேர் நடத்திய சாரா ரெக்கார்ட்ஸ் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் 1987-இல் தொடங்கி, 1995-இல் நூறாவது வெளியீட்டோடு தானாகவே கடையைக் கட்டியது. நம் பாடகர்கள் விலக வேண்டியிருந்தது சினிமாவிடமிருந்து. ஆனால் அந்த விலகலையே நீங்கள் ஒரு விதியாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் தேவகோட்டைச் சாலையில் கொட்டகை போட்டு ஏவி. மெய்யப்பன் எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வெளிவந்தபோது, எந்தப் படத்துக்காகவும் எழுதப்படாத பாரதி பாடல்கள் டி.கே. பட்டம்மாளின் குரலில் பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்தன. அதே மெய்யப்பன்தான் 1954-இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' என்ற கொலை மர்மப் படத்தையும் தயாரித்தார். அதை இயக்கிய எஸ். பாலசந்தரோ வீணை வித்துவான். இசையை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர், ஸ்டுடியோ முதலாளி ஒருவரின் பணத்தில், தன் படத்துக்குப் பாட்டு வேண்டாம் என்று வைத்தார். பணம் யாருடையது என்பதைவிட, அப்படி வைக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையே நான் பார்ப்பேன்.

'கொட்டுக்காளி'க்கும் அதே அளவுகோல்தான். பின்னணி இசை அறவே இல்லாத ஒரு படத்தை 2024-இல் திரையரங்குக்குக் கொண்டுவர முன்வந்த சிவகார்த்திகேயனின் பணத்தை நான் சந்தேகிக்க மாட்டேன். அந்தப் படத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. ஆட்டோவின் இரைச்சலும் உறவினர்களின் பேச்சுமாகவே போய்க்கொண்டிருக்கும் பயணத்தின் நடுவே, எங்கோ ஒரு விசேஷ வீட்டு ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு வருகிறது; அதுவரை வாய் திறவாத நாயகி மீனா அதை மெல்ல முணுமுணுக்கிறாள்; தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும், அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட பாண்டி அதைக் கண்டதும் வெறிகொண்டு அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். முன்பே வயலின்களை அழவிட்டிருந்தால் அந்தப் பாட்டு நம் காதில் ஏறியே இருக்காது. பாட்டு நுழைந்ததால் அங்கே இயக்குநர் வினோத்ராஜின் சுயாதீனம் போய்விட்டதா, சொல்லுங்கள்.

ஜான் கார்னி எடுத்த 'ஒன்ஸ்' என்ற ஐரிஷ் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. 17 நாளில், மிகக் குறைந்த செலவில், டப்ளின் தெருக்களில் எடுத்தது. 2007-இல் திரைக்கு வந்தது. படம் நெடுகப் பாட்டுத்தான். ஓர் இசைக்கருவிக் கடையில் நாயகன் கிட்டாரும் நாயகி பியானோவுமாக உட்கார்ந்து, அவன் மெட்டின் போக்கைச் சொல்லச் சொல்ல அவள் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டு நம் கண்ணெதிரே உருவாகிறது. நடிப்பவர்கள் இருவரும் உண்மையிலேயே பாடகர்கள். அந்தப் பாட்டுக்கு மறு ஆண்டு ஆஸ்கர் கிடைத்தது என்பது கூடுதல் செய்தி.

தனியிசைக்கு வருகிறேன். மலேசியாவின் யோகி பி & நட்சத்திரா ராப் குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு 2006-இல் வெளிவந்தது. எங்கள் வீட்டுக்கு அது உறவினர் பெட்டியில், கோடரித் தைலத்துக்கும் மைலோ டின்னுக்கும் நடுவே வந்து சேர்ந்தது. எல்லோரையும் ஆட்டிவைத்த அதன் 'மடை திறந்து' பாட்டே இளையராஜாவின் சினிமாப் பாட்டொன்றின் மேல் எழுப்பப்பட்டது. சென்னையின் கானாப் பாட்டைச் சினிமா பெரும்பாலும் கொண்டாட்டத்துக்கே வைத்திருக்க, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு அதே கானாவில் சாதியையும் இட ஒதுக்கீட்டையும் பற்றிப் பாடியது. சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

ஆனால் இன்று தனியிசை என்ற பெயரில் வருவதில் பாதி, படம் மட்டும் இல்லாத சினிமாப் பாட்டு. கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வளவு வீடு ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பட்டுச்சேலைப் பெண்ணை நடக்கவிட்டு, மேலே ட்ரோனைப் பறக்கவிடும் காணொளிகளைத்தான் சொல்கிறேன். (வாடகையில் ஓடு மாற்றும் செலவாவது தேறுகிறதே என்று வீட்டுக்காரர்களுக்கு மகிழ்ச்சி, அதை நான் கெடுக்க மாட்டேன்.) இவை எந்தப் படத்திலும் இல்லை என்பதற்காகவே இவற்றைச் சுயாதீனம் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? உங்கள் விதிப்படி ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கர்வம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இந்த வயதில் அது பெரிய குற்றமில்லை. நண்பர்களைக் கடைக்கு அழைத்து ஒருநாள் 'அந்த நாள்' போட்டுக் காட்டுங்கள்; சுட்டது யார் என்று தெரியும்வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். அதற்குப் பிறகும் கேலி செய்தால் எனக்கு எழுதுங்கள்.