‘உன்னைக் காதலிக்கிறேன்’ உட்காராத மெட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெட்டுக்குப் பாட்டெழுதுவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறேன். என் கணவரோடு வேலை பார்க்கும் ஹாங்காங் பெண் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். நம் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “எந்தச் சொல்லையும் எந்தச் சுரத்திலும் வைக்கலாமா? கொடுத்துவைத்தவர்கள்” என்றார். அவர்கள் பேசும் சீனமொழியான காண்டனீஸில் சுரம் தவறினால் சொல்லே மாறிவிடுமாம். அப்படியானால் மெட்டு முதலில் வந்துவிட்டால் அவர்கள் எப்படித்தான் எழுதுகிறார்கள்? மூச்சு முட்டாதா?

கார்த்திகா, ஈரோடு

அன்புள்ள கார்த்திகா,

அவர் சொன்னதில் மிகை இல்லை. காண்டனீஸில் ஆறு தொனிகள். ‘ஸி’ என்று ஓர் ஒலி. குரலை உச்சத்தில் நேராகப் பிடித்தால் கவிதை. கீழிருந்து உச்சத்துக்கு இழுத்தால் வரலாறு. நடுவில் நிறுத்தினால் முயற்சி. அடியில் இறக்கினால் காலம். அடியிலிருந்து நடுவுக்குத் தூக்கினால் சந்தை. அடிக்குச் சற்று மேலே சமமாகப் பிடித்தால் விஷயம். (ஒன்பது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. க், ட், ப் என்று வெட்டி முடியும் சொற்களைத் தனியாகக் கணக்கிடுவதால் வரும் எண்ணிக்கை அது.)

சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலும் தொனி உண்டே, அங்கே சினிமாப் பாட்டுக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லையே என்று கேட்கலாம். மாண்டரினின் நான்கு தொனிகள் பெரும்பாலும் வளைவால் வேறுபடுகின்றன. மெட்டில் வளைவு கரைந்துபோனாலும் கேட்பவர் முன்பின் சொற்களை வைத்துப் பிடித்துக்கொள்கிறார். காண்டனீஸில் நேராக நிற்கும் தொனிகளே மூன்று. அவற்றைப் பிரித்துக்காட்டுவது உயரம் மட்டும்தான். மெட்டு என்பதும் சுரங்களின் ஏற்ற இறக்கம்தானே. அதனால் இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன.

அந்தச் சண்டையில் சொல் தோற்றால் என்ன ஆகும் என்பதற்குத் தேவாலயங்களில் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. ஐரோப்பிய மெட்டில் அமைந்த துதிப்பாடல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் பொருளைப் பார்த்தார்கள், தொனியைப் பார்க்கவில்லை. ஆண்டவரைக் குறிக்கும் ‘ஜ்யூ’ கீழிருந்து மேலே ஏறவேண்டிய சொல். அதை இழுக்காமல் உயரத்தில் நேராகப் பாடினால் காண்டனீஸ் காதில் ‘பன்றி’ என்றுதான் விழும். பக்தியோடு பாடுகிறவருக்கு இதைவிட வேதனை வேறென்ன? பின்னால் வந்தவர்கள் தொனிக்கு இசையப் புதிதாகவே துதிப்பாடல்கள் எழுதத் தொடங்கியதன் காரணம் இதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹாங்காங்கில் சில வாரம் தங்கியிருந்தபோது, பொழுதுபோக்காகப் பாட்டெழுதும் நண்பர் ஒருவர் ஒரு சா சான் தெங்கில், அதாவது பால் தேநீரும் நூடுல்ஸும் கிடைக்கும் அவர்களுடைய டீக்கடையில், பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். பாட்டெழுதுவதை அவர்கள் ‘தின் ச்சி’ என்கிறார்கள். சொல் நிரப்புதல் என்று பொருள். இசையமைப்பாளரிடமிருந்து ‘லா லா லா’ என்று பாடிய மெட்டு வரும். அதைக் கேட்டு நண்பர் எழுதியது சொல் இல்லை, எண்கள்: 0, 2, 4, 3. காண்டனீஸில் இவற்றின் பெயர்கள் லிங், யீ, ஸேய், ஸாம். வாய்விட்டுச் சொன்னால் படிப்படியாக மேலேறுகின்றன. எண்ணின் மதிப்புக்கு இங்கே வேலையில்லை. 0 அடி, 3 உச்சி, அவ்வளவுதான். எழும்பும் தொனிகள் இரண்டும் எங்கே போய் முடிகின்றனவோ அந்தப் படியில் சேரும்.

நம் ஊரில் இசையமைப்பாளர் ‘தன்னான தானா’ என்று தத்தகாரம் கொடுப்பார். எங்கே குறில், எங்கே நெடில் என்று அது சொல்லும். 0243 என்பது உயரத்தையும் சொல்லும் தத்தகாரம். இதைப் புரிந்துகொண்ட கணம் எனக்கு அந்த டீக்கடையே பிரகாசமானது.

பிறகு அவர் ஒரு மெட்டைப் போட்டார். மூன்றே சுரம், கீழ், நடு, மேல் என்று ஏறுகிறது. “இதில் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ வை பார்ப்போம்” என்றார். ‘ங்ஙோ ஒய் நேய்.’ நான் என்பதும் நீ என்பதும் ஒரே தொனி, அடியிலிருந்து நடுவுக்கு எழும்புவது. காதல் நடுத்தொனி. எண்ணில் போட்டால் 4 4 4. ஏறக்குறைய சமதரை. ஏறும் மெட்டில் ‘நேய்’ உச்சிக்குப் போய்த் தன் தொனியை இழந்துவிடும். காதல் பாட்டின் தலையாய வாக்கியத்துக்கு அந்த மெட்டில் இடமில்லை.

அவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு 0 4 3 என்று எழுதி, மேலே மூன்று எழுத்துகளைப் போட்டார்: ‘யிங் ஒய் தா’. ‘இன்னும் அவனைக் காதலிக்கிறேன்’. கச்சிதமாக உட்கார்ந்தது. கவனியுங்கள், ‘நீ’ போய் ‘அவன்’ வந்துவிட்டான். ‘இன்னும்’ என்ற சொல்லோடு ஒரு பிரிவும் வந்துவிட்டது. காதலைச் சொல்ல வந்த பாட்டு இழந்த காதலின் பாட்டாகிவிட்டது. அதைத் தீர்மானித்தது மூன்று சுரங்கள்.

இந்த ‘தா’ எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவர்களுடைய பெரிய வசதி இருக்கிறது. தெருவில் ‘அவன்’ என்பதற்கு ‘கொய்’ என்பார்கள். அதுவும் நான், நீ போலவே எழும்பும் தொனி. ஏட்டுச் சீனத்தில் ‘தா’, உச்சத்தொனி. ‘இல்லை’ என்று மறுக்கப் பேச்சில் ‘ம்’, அடித்தொனி. ஏட்டில் ‘பட்’, உச்சத்தொனி. ஒரே பொருளுக்குக் கீழே ஒரு சொல், மேலே ஒரு சொல். பாட்டெழுதுபவர் இரண்டு பைகளிலும் கையை விட்டு எடுக்கலாம். காண்டனீஸ் பாடல்கள் ஏன் பேச்சுமொழியாகவும் இல்லாமல் ஏட்டுமொழியாகவும் இல்லாமல் ஒலிக்கின்றன என்று குறைப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

இந்தக் கலை 1970களில் பாப் பாடல்களோடு பிறந்ததும் அல்ல. காண்டனீஸ் இசைநாடகத்தில் இரண்டு வழிகளும் உண்டு. சில வகைப் பாடல்களில் சொல்லின் தொனியைப் பின்பற்றிப் பாடகர் மெட்டை வளைத்துக்கொள்வார். சிறுபாடல்களிலோ பழைய மெட்டு நிலையாக இருக்கும், சொல்தான் வளையவேண்டும். பாப் பாடலாசிரியர்கள் இரண்டாவது வழியின் வாரிசுகள்.

மூச்சு முட்டாதா என்று கேட்டீர்கள். முட்டும். அதன் விலையும் தெரிகிறது. நன்றாகப் பொருந்தும் சில சொற்சேர்க்கைகள் பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனாலும் ‘இன்னும்’ என்ற அந்தச் சொல்லை நண்பர் தேடிப் போகவில்லை, மெட்டு கையில் கொடுத்தது. எதுகைக்காகத் தேடப்போய் நினைத்திராத உவமையோடு திரும்பிய அனுபவம் வெண்பா எழுதிய யாருக்கும் இருக்கும். அந்த மகிழ்ச்சியைத்தான் அவர் முகத்திலும் கண்டேன்.

அந்தப் பெண் மறுபடி வந்தால் காண்டனீஸில் ‘அம்மா’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘மா மா’. முதல் மா அடியில், இரண்டாவது உச்சியில். கீபோர்டில் ‘ஸ ப’ வாசித்து அதோடு அவரைப் பாடவிடுங்கள். பிறகு ‘ப ஸ’ என்று திருப்பி வாசியுங்கள். அவர் முகம் போகும் போக்கை உங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அன்புடன்.